மனையுறை விலங்கும் மருத்துவமும்

தமிழ் மருத்துவ வரலாற்றை ஆராய்ந்தோர் மக்கள் மருத்துவத்தைப் பற்றி விரிவாக எழுதியுள்ளனர். யானை, குதிரை, ஆனிரை ஆகியவற்றின் மருத்துவத்தைப் பற்றியும் சுவடிகளைக் கொண்டு ஓரளவு எழுதப்பெற்றுள்ளது. ஆயின், திண்ணையிற் படுத்த நாயும், அடுப்படியிற் கிடந்த பூனையும், கூட்டிலிருந்த கிளியும் நோயுற்றபோது தமிழர் என் செய்தனர் என்னும் வினா பெரிதும் எழுப்பப்படவில்லை. இவ்வினா சிறிதாகத் தோன்றலாம். எனினும், இலக்கணமும் இலக்கியமும் நடுகல்லும் மருத்துவ நூலும் இதற்கு வெவ்வேறு விடை தருகின்றன. அவ்விடைகள் தம்முள் முரணும் இடத்தில்தான் ஆராய்ச்சிக்குரிய பொருள் அமைந்திருக்கின்றது. ஆகலின் அதனை ஈண்டு எடுத்துக்கொண்டோம்.

முதற்கண் சொற்களை நோக்குவோம். விலங்கு மருத்துவத்தைக் குறிக்க இன்று வழங்கும் சொல் 'கால்நடை மருத்துவம்' என்பது. கால்நடை என்பது ஆடு மாடுகளை உணர்த்தும் சொல். கூண்டுக் கிளியையோ மடிமேற் பூனையையோ எவரும் கால்நடை என்று வழங்குவதில்லை. ஆயினும் அவற்றுக்கு மருத்துவம் செய்வாரும் கால்நடை மருத்துவரே. 'செல்லப் பிராணி' என்னும் தொடரோ பிற்காலத்தது. 'பசு' என்னும் சொல்லும் இவ்வாறே சுருங்கியது. அசோகனுடைய இரண்டாம் பாறைக் கல்வெட்டு, மக்களுக்கும் விலங்குகளுக்கும் என இருவகை மருத்துவம் தன் நாட்டிலும், சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் ஆகியோர் நாடுகளிலும், தாமிரபரணி எனப்பட்ட இலங்கையிலும் அமைக்கப்பட்டதாகக் கூறுகின்றது. ஆங்கு விலங்கு மருத்துவத்தைச் சுட்டும் தொடரில் உள்ள 'பசு' என்பது விலங்கு என்னும் பொதுப்பொருள் தருவது. தமிழில் அச்சொல் ஆ ஒன்றனுக்கே உரியதாயிற்று. கல்வெட்டுக் கூறும் ஏற்பாடு தமிழ் வேந்தர் நாடுகளில் எவ்வளவிற்கு நடைபெற்றது என்பதற்குத் தமிழ்ச் சான்று இல்லை. கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலேயே விலங்கின் நோய் ஓர் அரசின் கவலைக்குரியதாக எண்ணப்பட்டது என்ற அளவில் அமைவோம்.

இனித் தொல்காப்பிய மரபியலுக்கு வருவோம். உயிர்களின் இளமைப் பெயர்கள் ஒன்பது என்று அவ்வியல் தொகுத்து, எவ்வெவ் உயிர்க்கு எப்பெயர் உரியது என்று வகுத்துக் கூறும். பறப்பனவற்றின் இளமைக்குப் பார்ப்பு, பிள்ளை என்பன உரியன, தவழ்வனவும் அவ்வாறே. மூங்கா, வெருகு, எலி, அணில் என்னும் நான்கும் குட்டி என்றும் பறழ் என்றும் பெயர் பெறும். நாய், பன்றி, புலி, முயல் ஆகியவற்றின் இளமை குருளை எனப்படும். நரியும் அவற்றோடு சேரும். இவற்றைக் குட்டி, பறழ் என்றலும் விலக்கப்படுவதில்லை. இதன்பின் வரும் நூற்பாவே நம் கருத்தை ஈர்ப்பது. இவற்றைப் பிள்ளை என்று கூறுதலும் பிழையாகாது, நாய் ஒழிந்த இடத்து என்று ஆசிரியர் முடிக்கின்றார்.

புலியின் குட்டியைப் பிள்ளை எனலாம். பன்றியின் குட்டியையும் எனலாம். நாயின் குட்டியை மட்டும் அங்ஙனம் கூறலாகாது. இவ்விலக்கு எற்றுக்கு? நாய் இழிந்த விலங்கு என்னும் எண்ணத்தால் எழுந்தது என்று கூறிவிடுதல் எளிது. ஆயின், பன்றிக்கு அப்பெயர் தரப்பட்டிருக்கும்போது இழிவு காரணம் என்பது நிரம்பாது. ஆசிரியர் தம் காலத்து வழக்கை நோக்கி விதி செய்தவர். நாய்க்குட்டியைப் பிள்ளை என்று மக்கள் அன்று வழங்கவில்லை என்பதே நேரிய விளக்கமாகும். அவ்வழக்கு இன்றளவும் மாறவில்லை என்பது வியப்பிற்குரியது. கிளிப்பிள்ளை என்கின்றோம், அணிற்பிள்ளை, கீரிப்பிள்ளை என்கின்றோம், தென்னங்கன்றையும் தென்னம்பிள்ளை என்கின்றோம். நாய்ப்பிள்ளை என்பார் இலர். வெருகைப் பூசை என வழங்குதலையும் அவ்வியல் ஏற்கும். அச்சொல் இன்றும் மலையாளத்தில் 'பூச்ச' என நின்று வீட்டுப் பூனையைக் குறிக்கின்றது.

கீரிப்பிள்ளை என்னும் வழக்கு மரபியல் விதியைக் கடந்தது. மூங்கா என்பது கீரியின் இனம். அதற்குக் குட்டி, பறழ் என்னும் பெயர்களே ஆண்டுக் கூறப்பட்டன. இவ்வாறிருக்கவும், சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதையில் பார்ப்பனி ஒருத்தி ஆராயாது கொன்ற கீரியை இளங்கோவடிகள் பிள்ளை என்னும் சொல்லோடு சேர்த்தே குறிக்கின்றார். அக்கதையை அறியாதார் இலர். பிள்ளையின் உயிரைக் காத்த கீரியைக் கொன்றமையால் கணவன் அவளை நீங்கி வடதிசை சென்றான். கோவலன் அப்பழி நீங்கப் பொருள் தந்து தானம் செய்வித்துப் பிரிந்தவரைக் கூட்டினான். வீட்டில் வளர்ந்த சிற்றுயிர் ஒன்றின் கொலை இல்லறத்தையே குலைக்கவல்ல பழியாகக் கருதப்பட்டது என்பதைக் கதை காட்டுகின்றது. வளர்த்த உயிர்க்கு வளர்த்தோர் கடமைப்பட்டவர் என்னும் எண்ணம் இதனினும் வெளிப்படையாக வேறெங்கும் கூறப்பட்டிருப்பதாக எமக்குத் தோன்றவில்லை.

வீட்டினுள் எவ்விலங்கு எதுவரை புகலாம் என்பதிலும் வேறுபாடு இருந்தது. பெரும்பாணாற்றுப்படை மறையோர் உறையும் ஊரை வருணிக்கும் பகுதியில், பந்தலிற் கன்று கட்டப்பட்டிருக்கின்றது. கிளி மறையோசையைப் பயில்கின்றது. கோழியும் நாயும் அணுகுவதில்லை. அதே நூலில் எயினர் குடியிருப்பில் முற்றத்து விளாமரத்தில் பார்வை மான் கட்டப்பட்டிருக்கின்றது. பிற மானைப் பிடித்தற்குப் பழக்கிய மான் அது. ஒரே புலவர் ஒரே பாட்டில் இரு வீடுகளைக் காட்டி, இருவேறு விலங்குத் தோழமைகளையும் காட்டிவிடுகின்றார். குறிஞ்சிப் பாடல்களில் வேட்டுவனோடு நாய் செல்லுதல் பெருவழக்கு. ஆகவே நாயை நெருங்கி அறிந்த மக்கள் வேட்டுவரும் ஆயருமே என்பது தெளிவு. நாயின் மருத்துவம் அவர்தம் கையில் இருந்திருத்தல் வேண்டும். இக்கருத்தைப் பின்னரும் எடுத்தாளுவோம்.

இலக்கணம் தர மறுத்த பெயரைக் கல் தந்தது. திருவண்ணாமலை மாவட்டத்தில் பழைய செங்கம் வட்டாரத்தைச் சேர்ந்த எடுத்தனூரில் ஒரு நடுகல் உளது. முதலாம் மகேந்திரவர்மனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டில், அஃதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், எருமைத் தொறுவைக் காத்துப் பட்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு எடுத்தது. அவன் உருவத்தின் பக்கத்தில் ஒரு நாயும் நிற்கின்றது. அதற்கெனத் தனியே ஒரு வாசகமும் வெட்டப்பட்டுள்ளது. கோவிவன் என்பது அந்நாயின் பெயர் என்றும், அது கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் அவ்வாசகம் கூறும். காத்து நின்றது தொறுவையா, விழுந்த தலைவனையா என்பது வாசகத்தால் துணியக்கூடவில்லை. நாய் இறந்ததாகவும் கல் கூறவில்லை. பல்லவ அரசனின் ஆட்சியாண்டு பொறித்த கல்லில் ஒரு நாயின் இயற்பெயர் பதின்மூன்று நூற்றாண்டுகளைக் கடந்து நிற்பது சிறு செய்தியன்று. விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரம் போன்ற இடங்களில் போரிட்ட சேவற்கோழிக்கும் கல் எடுத்திருக்கின்றனர். எந்தச் சேரியின் கோழி என்பதையும் மறவாது குறித்துள்ளனர்.

கன்னட நாட்டு ஆதகூர்க் கல் இதனோடு ஒப்பிடத்தக்கது. சோழ இளவரசன் இராசாதித்தன் பட்ட தக்கோலப் போர் நிகழ்ந்தது 949-இல். அப்போரைக் கூறும் இக்கல், கங்க அரசன் பூதுகனின் வீரன் மணலரன் தன் வீரத்திற்குப் பரிசிலாகக் காளி என்னும் வேட்டை நாயை வேண்டிப் பெற்ற செய்தியையும் கூறுகின்றது. அந்நாய் ஒரு பெரும் பன்றியோடு பொருது, இரண்டும் இறந்தன. மணலரன் கோயில் முன்பு கல் நாட்டி, அதற்கு வழிபாடு நடத்த நிலமும் விட்டான். பொன்னோ ஊரோ வேண்டாது நாயை வேண்டியவன் அதனை எவ்வாறு பேணியிருப்பான் என்று எண்ணிப் பார்த்தல் கூடும். ஆயின், காளி காயமுற்றபோது எம்மருந்து இடப்பட்டது என்பதைக் கல் கூறாது. இறந்த விலங்குக்குச் சிறப்புச் செய்வது கல்லின் தொழில். நோயுற்ற விலங்கைப் பற்றி அது பேசாது.

நோயைப் பற்றிப் பேச வேண்டுவது மருத்துவ நூல். ஆண்டு நிலைமை யாது? யானைக்குப் பாலகாப்பியர் பெயரால் வழங்கும் நூலும், குதிரைக்குச் சாலிகோத்திரர் பெயரால் வழங்கும் நூலும் வடமொழியில் உள்ளன. ஆனிரைக்கு உரியது மாட்டு வாகடம். வாக்படர் என்னும் ஆசிரியர் பெயரிலிருந்து வாகடம் என்னும் சொல் வந்தது என்பர். மாட்டின் சுழிக்குறி, பல்லைக் கொண்டு வயது அறிதல், கோமாரி, அடைப்பான், சப்பை நோய், வெக்கை முதலிய நோய்களின் அடையாளம், அவற்றிற்கு அரைத்துப் புகட்டும் பச்சிலை, சூடிடும் இடம் ஆகியவற்றை இத்தகைய நூல்கள் கூறும். மூங்கிற் குழாயால் மருந்து புகட்டும் முறையை உழவர் அனைவரும் அறிவர். இவ்வளவு நுணுக்கமாக மாட்டை நோக்கிய மரபில், நாயின் நோய்க்கெனத் தனியே புகழ்பெற்ற வாகடம் ஒன்று இல்லை. பூனைக்கும் இல்லை.

நாய் மருத்துவ நூலுள் அறவே புகவில்லை என்றும் கூறமுடியாது. சித்த மருத்துவத்தின் நஞ்சு முறிவுப் பகுதிகளில் நாய்க்கடி இடம்பெறும். நோயாளியாக அன்று, நஞ்சின் வாயிலாகவே நாய் அந்நூல்களுள் புகுந்தது. கடித்த நாயைப் பற்றிய அறிவு கடிபட்டவனின் பொருட்டு எழுதப்பட்டது. நாயின் பொருட்டு எழுதப்படவில்லை.

இதற்குக் காரணம் யாது என்பதே நம் கட்டுரையின் நடுவண் வினா. நாயை வெறுத்தமை காரணம் என்பாருளர். பத்தி இலக்கியத்தில் அடியார் தம்மை நாயினும் கடையராகக் கூறிக்கொள்வதை அவர் சான்றாகக் காட்டுவர். அச்சான்று எமக்கு உடன்பாடன்று. அடியார் தம்மை நாயாகக் கூறுமிடத்துத் தலைவன் மாட்டு நாய் கொண்டுள்ள பற்றும் உடன் உணர்த்தப்படுகின்றது. கோவிவனைக் கல்லில் வெட்டிய சமுதாயம் நாயை வெறுத்த சமுதாயம் என்று எங்ஙனம் துணிவது? எம் கருத்து வேறு. ஒரு மருத்துவ அறிவு ஏட்டில் ஏறுவதற்கு, அதனை எழுதுவிப்பார் ஒருவர் வேண்டும். யானைக்கும் குதிரைக்கும் அரசன் இருந்தான். மாட்டிற்கு நிலமுடைய உழவன் இருந்தான்; மாடு இறப்பின் உழவும் நின்றுபோம். நாயை அறிந்த வேட்டுவனும் ஆயனும் எழுத்துடையவர் அல்லர். சுவடி எழுதுவிக்கும் செல்வமும் அவர்பால் இல்லை. ஆகவே அவர்தம் அறிவு வாய்மொழியாகவே நின்றது. ஏட்டில் இல்லாமை அறிவு இல்லாமையைக் காட்டாது.

விலங்குகளைப் பேணும் அறத்தைப் பொறுத்தவரை சமணரை ஈண்டுக் குறித்தல் தகும். உணவு, அடைக்கலம், மருந்து, நூல் என்னும் நால்வகைக் கொடையை அவர் வற்புறுத்தினர். பதினாறாம் நூற்றாண்டின் இறுதிப்பகுதியில் கூர்ச்சர நாட்டுக் காம்பே நகரத்தைப் பற்றி எழுதிய ஆங்கில வணிகர் இரால்பு பிட்சு, முடமான நாய், பூனை ஆகியவற்றிற்கும் பறவைகளுக்கும் ஆண்டு மருத்துவச் சாலைகள் இருந்தன என்று குறித்துள்ளார். தமிழகத்தில் அத்தகைய சாலை இருந்ததற்குக் கல்வெட்டுச் சான்று கிட்டவில்லை. வீரராசேந்திரன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு, பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலசாலையையும், அதில் பணிபுரிந்த மருத்துவர், அறுவை செய்வார், பணிப்பெண்டிர் ஆகியோர் பெற்ற ஊதியத்தையும் நெல்லளவோடு கூறும். விலங்கு மருத்துவர் அப்பட்டியலில் இல்லை.

எனினும் சமணக் காப்பியமாகிய சீவக சிந்தாமணியில் ஓர் இடம் உளது. அந்தணர் அடித்தமையால் இறக்கும் நிலையிற் கிடந்த நாயைச் சீவகன் காண்கின்றான். அது பிழையாது என்பதை அறிந்து, அதன் செவியில் ஐம்பத மந்திரத்தை ஓதுகின்றான். அந்நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாகிப் பின்னர்ச் சீவகனுக்குப் பலவாறு துணை செய்கின்றது. இதனை மறுபிறப்புக் கொள்கைக்கு எடுத்துக்காட்டாக மட்டும் கற்பித்துவிடுகின்றோம். மீட்க இயலாத விலங்கின் பக்கத்தில் அமர்ந்து, அதன் துன்பம் குறையுமாறு ஒருவன் செயற்படும் காட்சியாகவும் அதனைப் படிக்கலாம். தீராத நோயுற்ற நாயை வீட்டில் வைத்தே அமைதியாக வழியனுப்புதல் பற்றி இக்காலக் கால்நடை மருத்துவர் பேசுவனவற்றிற்குத் தமிழில் முன்னோடி தேடுவார்க்கு இஃதொன்றே கிடைக்கும் என நினைக்கின்றோம்.

வாய்மொழி மருத்துவத்தின் தன்மையை அறிய இன்றைய வீட்டு வழக்குகள் சிறிது உதவும். உண்ணிக்கும் சொறிக்கும் வேப்பெண்ணெய் தடவுதல், புண்ணில் மஞ்சள் குழைத்திடுதல் ஆகியன ஊரகங்களில் இன்றும் உள. இவை மாட்டுத் தொழுவத்திலிருந்து திண்ணைக்கு வந்தவை என்று கொள்ள இடமுண்டு. தொழுவ மருத்துவம் பலவிடத்துச் சிறந்ததே. மாட்டின் மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்தரைத்துப் பூசும் முறையைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தார் பரப்பியுள்ளனர். ஆயின் மாட்டிற்கு உரிய மருந்து நாய்க்கும் உரியது என்பது பெரும் பிழையாம். மாட்டு மருந்துகளில் வெங்காயமும் பூண்டும் அடிக்கடி வரும். அவை நாயின் குருதிச் சிவப்பணுக்களைச் சிதைப்பன. பூனைக்கு இன்னும் கொடியன. மனிதருக்குக் காய்ச்சல் தணிக்கும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே பூனையைக் கொல்லவும் போதுமானது. நாயின் இயல்பான உடல்வெப்பம் ஏறத்தாழ 101 முதல் 102.5 பாரன்கீட்டுப் பாகை வரை இருக்கும். இதனை அறியாதார் நலமுள்ள நாயைத் தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்று முடிவு செய்து மாத்திரை கொடுப்பர். நாய்க்கெனத் தனி வாகடம் எழாத குறையின் விலையை இவ்விடத்தில்தான் விலங்கு செலுத்துகின்றது.

ஆங்கிலேயர் ஆட்சியில் வந்த விலங்கு மருத்துவமும் நாயை நோக்கி வந்ததன்று. படைக்குதிரையும், வெக்கை நோயால் மடிந்த மாடுகளுமே அதனைக் கொணர்ந்தன. மாட்டுக் கொள்ளைநோய் ஆணைக்குழு தன் அறிக்கையை 1871-இல் தந்தது. சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் தொடங்கப்பெற்றது. அதுவே 1989-இல் தோன்றிய கால்நடைப் பல்கலைக்கழகத்திற்கு அடிப்படையாயிற்று. கல்லூரி தோன்றக் காரணமான வெக்கை நோய் 2011-இல் உலகினின்றே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. நகரங்களில் நாயும் பூனையும் அதன் மருத்துவமனைக்குப் பெருகி வந்தது பிற்கால நிகழ்ச்சி.

நாயின் வரலாற்றில் வேறொரு நிகழ்ச்சியே பெரிது. வெறிநாய்க்கடிக்கான தடுப்பு மருந்தை 1885-இல் பாசுடர் முதன்முதலாக ஒரு சிறுவனுக்குச் செலுத்தினார். தென்னாட்டில் அம்மருத்துவம் பெறுதற்குக் குன்னூரில் 1907-இல் பாசுடர் நிலையம் அமைந்தது. தொடக்கத்தில் இதுவும் கடிபட்டவனின் மருத்துவமே. சித்தர் நூல்களின் நோக்கினின்று இவ்வளவில் வேறுபட்டதன்று. பின்னர், கடிக்கக்கூடிய நாய்க்கே முன்கூட்டி மருந்திடுதல் என்னும் முறை பரவியது. அதனால், நாயின் நலமும் வீட்டாரின் நலமும் ஒன்றாயின. நாய் நோயாளியாக மதிக்கப்பட்டது இப்படிநிலையில்தான் என்பது எம் துணிபு. குட்டிக்கு மூன்று திங்கள் நிரம்பியபின் முதல் ஊசியும் பின்னர் ஆண்டுதோறும் ஊசியும் இடுதல் இன்றைய முறை. கடிபட்ட புண்ணைச் சோப்பிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவுக என்பதும் உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை. புண்ணில் மிளகாய்ப்பொடியும் சுண்ணாம்பும் அப்பும் பழக்கம் இன்னும் அற்றுப்போகவில்லை. பழமை என்பதற்காக இதனைப் போற்றுவார் உளராயின், அவரோடு யாம் உடன்படோம்.

மருத்துவர் வீட்டிற்கே வருதல் புதிய ஏற்பாடு போலப் பேசப்படுகின்றது. உண்மையில் விலங்கு மருத்துவம் தொன்றுதொட்டு வீட்டு மருத்துவமே. எழ மாட்டாத மாட்டை எங்குக் கொண்டுசெல்வது? வாகடம் வல்லவன் தொழுவத்திற்கு வந்தான். விலங்கை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுதலே நூறாண்டு அளவினதாகிய புதுமை. 1962 என்னும் எண்ணுக்கு அழைத்தால் ஊர்தியில் மருத்துவர் வரும் இன்றைய அரசு முறையும், நகரத்தில் வீடு தேடி வந்து நாய்க்கு ஊசியிடும் தனி மருத்துவரின் தொழிலும் பழைய வழக்கிற்கே திரும்புகின்றன. மாறுபாடு யாதெனின், அன்று தொழுவத்திற்கு வந்தவன் திண்ணை நாயைப் பார்த்ததில்லை.

வேட்டுவரும் ஆயரும் காத்த அறிவு முற்றும் மறைந்துபோகவில்லை. இராசபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி என்னும் நாயினங்கள் இன்றும் உள்ளன. இந்திய அஞ்சல் துறை 2005-இல் நாயினங்களுக்கு வெளியிட்ட நான்கு தலைகளுள் ஒன்று இராசபாளைய நாய்க்கு உரியது. இவ்வினங்களை வளர்ப்போர் குட்டி தெரிதல், ஈன்ற நாய்க்கு உணவிடல், வேட்டைக் காயம் ஆற்றுதல் ஆகியவற்றிற்கெனத் தனிச் சொற்களும் முறைகளும் கையாளுகின்றனர். அவற்றுள் தவறானவையும் உள. தூய வெண்ணிறத்தையே சிறப்பெனக் கொண்டு தலைமுறைதோறும் தெரிந்தெடுத்தமையால் இராசபாளைய இனத்தில் பிறவிச் செவிடு மிகுந்தது. சரியானவையும் தவறானவையும் ஆகிய அனைத்தையும் அவ்வளர்ப்போர் வாய்ச்சொல்லிலேயே பதிவுசெய்தல் வேண்டும். தென்மாவட்டங்களிலிருந்து வரும் நம் முதுகலை மாணவர் தத்தம் ஊர்களில் இப்பணியைத் தொடங்குவராயின், இதுகாறும் ஏட்டில் ஏறாத நாய் வாகடத்தின் முதற் சுவடி அவர்தம் குறிப்பேடாகவே அமையும்.